வலம்வரும் குண்டுகள்

2004ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் தொடக்கம், ஜெர்மனியில் வால்ட்சீபன் என்ற சிற்றூரில் செய்யப்பட்ட டாப்னி க்ரோ துப்பாக்கிகளிலிருந்து புறப்பட்ட குண்டுகள் உயிருள்ள எதன்மீதும் படவில்லை. மானோ பன்றியோ முயலோ, குறிவைத்த உயிரை ஒரு முழத் தூரத்துக்கு நெருங்கியதும் குண்டு வேகத்தைக் குறைத்து, அந்த உயிரைத் தன் வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை சுற்றி, அதன் காலடியில் விழுந்தது. காகிதத்தில் வரைந்த வட்டத்தையும் மரப்பலகையையும் தகரப் பேணியையும் அதே குண்டு மயிரிழை பிசகாமல் துளைத்தது. அதே மாதத்தில் வால்ட்சீபன் பேக்கரியில் சிறிய பாணின் விலை இரண்டு சென்ட் கூடியது. ஊரில் கூடுதலாகப் பேசப்பட்டது பாணின் விலைதான்.

குண்டு சுற்றியதை முதலில் கண்டவர் பல் வைத்தியர் ஹாகெடோர்ன். அவர் சுட்டது ஒரு காட்டுப்பன்றியை. தன்னைச் சுற்றிவந்த குண்டைப் பன்றி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மூன்றாவது சுற்றில் அதற்குத் தலைசுற்றியிருக்க வேண்டும், அப்படியே உட்கார்ந்துவிட்டது. வைத்தியர் இன்னும் இரண்டு முறை சுட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைச் சோதித்து, புதுக் கண்ணாடி செய்வித்து, அதை அணிந்துகொண்டு மறுபடியும் காட்டுக்குப் போய்ச் சுட்டு, அதன் பிறகே தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த நாட்டில் எதையும் ஒழுங்குமுறைப்படிதான் செய்வார்கள்.

இவ்வளவுக்கும் காரணமானவர் உருத்திரமூர்த்தி. கோண்டாவிலைச் சேர்ந்தவர். இருபத்தைந்து வயதில் சந்தியடியால் சைக்கிளில் போகும்போது ஒரு குண்டு அவருடைய பின்சில்லைத் துளைத்துக்கொண்டு போனது. குண்டு எங்கேயோ நின்றிருக்கும், உருத்திரமூர்த்தி நிற்கவில்லை. கொழும்பு, மொஸ்கோ என்று ஓடி, 1985இல் அப்போதைய கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்குப் பக்கம் கடந்து, அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அதிகாரிகள் கைகாட்டிய ஊருக்கு வந்துசேர்ந்தார். அதுதான் வால்ட்சீபன். டோர்ட்முண்டிலிருந்து ஒரு மணி நேர ரயில், மலை, மழை, பன்றி. வேலை செய்ய அனுமதி கிடைத்தபோது அந்தப் பள்ளத்தாக்கில் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது ஒரேயொரு தொழிற்சாலை. அங்கே வேட்டைத் துப்பாக்கி செய்தார்கள். துப்பாக்கிக்குப் பயந்து பாதி உலகத்தைச் சுற்றி ஓடிய மனிதருக்குத் துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளேதான் சோறு எழுதியிருந்தது. கடவுளுக்குப் பகிடி தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முதல் கிழமையிலேயே விட்டுவிட்டு ஓடத்தான் நினைத்தார். ஓடுவதில் அவருக்குப் பழக்கமும் இருந்தது. ஆனால் அந்த முதற் பனிக்காலத்தில் அவர் செருப்போடு வேலைக்கு வந்ததைக் கண்ட முதலாளி கிரேவன்கம்ப், தன் காலில் கிடந்த வேட்டைச் சப்பாத்துகளைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, அன்று முழுவதும் அலுவலகத்தில் காலுறையோடு நடந்து திரிந்தார். சப்பாத்து இரண்டு அளவு பெரிது. அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது. உருத்திரமூர்த்தி தங்கிவிட்டார். ஊர்ச் சனத்திடமும், பிறகு கல்யாணம் செய்து கூப்பிட்ட மனைவி கமலநாயகியிடமும் லொறிக்கு உதிரிப்பாகம் செய்கிற வேலை என்று சொல்லிவைத்தார். நம்மவர்கள் ஜெர்மனியில் செய்யும் வேலையைப் பற்றி ஊருக்குச் சொன்ன பொய்களை அடுக்கினால் கொலோன் தேவாலயக் கோபுரத்துக்கு மேலே போகும். அவற்றுள் இது ஒரு சின்னப் பொய்.

கிரேவன்கம்ப் தொழிற்சாலையில் மூன்று தலைமுறையாக ஒரே மாதிரியான துப்பாக்கியைத்தான் செய்தார்கள். வேடர்கள் வாங்கினார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள், தொழில் ஒழுங்காக ஓடியது. அப்படி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்காவில் டாப்னி க்ரோ என்ற பழைய கொம்பனி படுத்துவிட்டது என்றும் பெயரோடும் இயந்திரங்களோடும் விலைக்கு வருகிறது என்றும் கிரேவன்கம்ப் கேள்விப்பட்டார். டாப்னி க்ரோ என்றால் கௌபோய்கள் குதிரைமேல் வைத்திருக்கும் துப்பாக்கி. விசைக்குக் கீழே வளையம்போல ஓர் இரும்புப் பிடி இருக்கும். அதைக் கையால் முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் வெறுங்கூடு வெளியே விழுந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். பார்ப்பதற்குப் பாக்குவெட்டியால் பாக்கு நறுக்குவதுபோல இருக்கும். ஜெர்மனியில் எந்த வேடரும் அதைக் கேட்டதில்லை. கணக்காளர் வேண்டாம் என்றார். முதலாளியின் தங்கை வேண்டாம் என்றார். அவருடைய நாய்கூட அந்தப் பேச்சு வந்தபோது எழுந்து வெளியே போனது. ஆனால் கிரேவன்கம்புக்கு எட்டு வயதில், போர் முடிந்து சோற்றுக்கே வழியில்லாத காலத்தில், ஓர் அமெரிக்கச் சிப்பாய் கௌபோய்ப் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொடுத்திருந்தான். அறுபத்தாறு வயதில் அவர் அந்தப் படத்திலிருந்த பொம்மையை வாங்கினார். விலை மட்டும் பெரிய ஆட்களின் விலை.

2004ஆம் ஆண்டு மாசி மாதம் இயந்திரங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பெட்டிகளைத் திறந்ததும் புகையிலை மணம் மூன்று நாள் பட்டறையில் நின்றது. பின்பக்கத்து மண்டபத்தைக் கூட்டிக் கழுவி, பதினொரு பேரை அதற்கென்று ஒதுக்கி, வளையப் பிடி செய்கிற வேலையை உருத்திரமூர்த்தியிடம் ஒப்படைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து அளவுக்கான மாதிரி வளையம் ஒன்று வந்திருந்தது. நூறு வருடப் பழமை, கறுத்த உருக்கு. புதிதாகச் செய்யும் ஒவ்வொரு வளையத்தையும் அதன்மேல் வைத்து, இரண்டும் ஒட்டிப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே துப்பாக்கியில் பூட்ட வேண்டும். மாதிரியாக வந்த அந்த வளையத்தைத் தொடாத வளையம் எதுவும் மண்டபத்தை விட்டுப் போனதில்லை. இந்த ஒரு விவரத்தை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோடை முடிவதற்குள் புதுத் துப்பாக்கியின் சங்கதி தெரிந்துவிட்டது. விற்கவில்லை. விற்ற சிலவும் இறுகிக்கொண்டு திரும்பி வந்தன. வளையத்தை இழுத்தால் வராது, வந்தால் போகாது. கிரேவன்கம்ப் ஒரு வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு வந்து, கையிலிருந்த தொப்பியைச் சுழற்றியபடி, அடுத்த உயிர்த்த ஞாயிறுக்குள் தொழில் நிமிராவிட்டால் இந்த மண்டபத்தை மூட வேண்டிவரும் என்று சொன்னார். சொன்னபின் பதினொரு பேருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். ஒருவராலும் அதை விழுங்க முடியவில்லை. உருத்திரமூர்த்திக்கு வயது நாற்பத்தைந்து. அந்தப் பள்ளத்தாக்கில் அவருக்கு வேறு வேலை இல்லை. வேலை தேடி வேறு நகரத்துக்குப் போக வேண்டும். கமலநாயகியோ நாற்பது வயதில் ஊர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கான அவுஸ்பில்டுங் படிப்பில் சேர்ந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பரீட்சையைத் தாண்டியிருந்தாள். இடம் மாறினால் அதுவும் போய்விடும். ஏற்கனவே கோண்டாவிலில் ஒரு முறை, கொழும்பில் ஒரு முறை என்று பாதியில் விட்டவள் அவள்.

அன்று பின்னேரம் கொம்பனி கொடுத்த புதுத் தொப்பியோடு உருத்திரமூர்த்தி வீட்டுக்குப் போனார். தொப்பியில் டாப்னி க்ரோவின் சின்னம் இருந்தது: இறக்கை விரித்த ஒரு காகம்.

கமலநாயகி கதவடியிலேயே நிறுத்தினாள். “இஞ்சருங்கோ, உதென்ன தலையிலை?”

“கொம்பனியிலை தந்தவை.”

“உந்த லொறிக் கொம்பனிக்கு வேறை படம் கிடைக்கேல்லையோ? சனீஸ்வரன்ரை பறவையைத் தலையிலை வைச்சுக்கொண்டு வாறியள். பிறகு கொம்பனி படுக்காமல் என்ன செய்யும்?”

“படுத்தது எண்டு ஆர் சொன்னது?”

“உங்கடை முகம் சொல்லுது. புரட்டாதிச் சனி வருது. போய் எள்ளெண்ணெய் எரிச்சிட்டு வாங்கோ. போகேக்கை உந்தச் சாமானிலையும் ஒண்டை எடுத்துக்கொண்டு போங்கோ.”

யாழ்ப்பாணத்தில் புரட்டாதி மாதச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிடுவார்கள். ஜெர்மனியிலும் நம்மவர்கள் அதை விடவில்லை. பல்கனியில் சோறு வைப்பதும், காகம் வராமல் பக்கத்து வீட்டுப் பூனை வந்து தின்பதும், பூனையையே காகமாக ஏற்றுக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிடுவதும் வழக்கம். உருத்திரமூர்த்தி அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மாதிரி வளையத்தைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து எடுத்துவந்தார். சனிக்கிழமை காலையில் குளித்து, டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் பழைய மெத்தைக் கடைக்குள் இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போனார். கடைக்காரர் விட்டுச் சென்ற ‘எல்லாம் பாதி விலை’ என்ற பலகை அப்போதும் கோயிலின் பின்சுவரில் இருந்தது.

சோமாஸ்கந்தக் குருக்கள் எள்ளெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்து, சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளிருந்த வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“உதென்ன தம்பி?”

“லொறிச் சாமான், ஐயா. கொம்பனி கொஞ்சம் நெருக்கடியிலை.”

குருக்கள் வேறொன்றும் கேட்கவில்லை. புதுக் கார் வாங்கியவர்களுக்குச் செய்வதுபோல வளையத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் பிழிந்தார். கற்பூரம் காட்டி, வாகனங்களுக்கு எப்போதும் சொல்வதைச் சத்தமாகத் தமிழில் சொன்னார்: இதனால் எந்த உயிருக்கும் ஓர் இடைஞ்சலும் வரக்கூடாது, இது போகிற வழியெல்லாம் நல்லபடியாகப் போய் வர வேண்டும். உருத்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு, வேலை நிலைக்க வேண்டும், வேலை நிலைக்க வேண்டும் என்று தன் விண்ணப்பத்தை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். குருக்கள் என்ன வேண்டினார் என்பது அவர் காதில் விழவேயில்லை. பிள்ளையாரின் காதுகள் பெரியவை.

திங்கட்கிழமை மாதிரி வளையம் தன் இடத்துக்குத் திரும்பியது, அன்றிலிருந்து புது வளையங்கள் இறுகவில்லை. வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போய் வந்தன. அடுத்த மாதத்துக்குள் நாற்பது துப்பாக்கிகள் விற்றன. கிரேவன்கம்ப் மீண்டும் கேக் வாங்கிக் கொடுத்தார், இம்முறை எல்லோரும் விழுங்கினார்கள். அதன் பிறகுதான் ஹாகெடோர்ன் தொலைபேசி எடுத்தார். அவருக்குப் பின்னால் ஒரு வனக்காவலர், ஒரு நோட்டரி, ஓர் இறைச்சிக் கடைக்காரர். எல்லோரும் தணிந்த குரலில், மரியாதையாக, தங்களுக்கு ஏதோ நோய் என்று சொல்வதுபோல விஷயத்தைச் சொன்னார்கள்.

கிரேவன்கம்ப் தானே பார்க்க விரும்பினார். துப்பாக்கியைத் தோளில் போட்டு, உருத்திரமூர்த்தியையும் கூட்டிக்கொண்டு, பல் வைத்தியர் வழிகாட்ட, காட்டுக்குப் போனார். காலைப் பனியில் ஒரு பெண்மான் நின்றது. முதலாளி சுட்டார். குண்டு போனது, மானின் அருகில் தயங்கியது, பிறகு அவசரமில்லாமல் அதைச் சுற்றத் தொடங்கியது. மூன்று சுற்று. முடிந்ததும் ஈரப் புல்லில் பொத்தென்று விழுந்தது. மான் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. காட்டில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் மணந்தன.

“இது என்ன மணம்?” என்று கிரேவன்கம்ப் கேட்டார்.

உருத்திரமூர்த்திக்கு அந்த மணம் என்னவென்று தெரிந்தது. தன் பாட்டில் வலது கை எழும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. “பனி, ஐயா,” என்று சொன்னார்.

மார்கழிக்குள் துப்பாக்கிகள் திரும்பி வந்தன. அரசின் சோதனைச் சாலை அவற்றைத் துருவிப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றது. அவர்கள் இரும்புத் தகட்டையும் காகிதத்தையுந்தான் சுட்டார்கள், உயிரைச் சுட்டுப் பார்க்க விதியில் இடம் இல்லை. நல்ல துப்பாக்கிதான், வேட்டைக்கு மட்டும் உதவாது. கணக்காளர் தன் கன்னத்தைத் தடவினார். மண்டபத்துச் சுவரில் ஏற்கனவே யாரோ விரிசல்களை அடைக்க அளவெடுத்துக்கொண்டு போனார்கள், வாடகைக்கு விடுவதற்கு. உருத்திரமூர்த்தி தன்னோடு வேலை செய்த பத்துப் பேரின் முகத்தையும் பார்க்க முடியாமல், மத்தியானச் சாப்பாட்டை இயந்திரத்துக்குப் பின்னால் நின்று சாப்பிட்டார். ஒரு பூசையால் பதினொரு குடும்பத்தின் அடுப்பை அணைத்த முதல் பக்தர் தாமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். செய்ததைத் திருப்பி எடுக்க வேண்டும். அதற்கும் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

ரயில்கள் பனியால் நின்றுவிட்டன. டோர்ட்முண்டில் ஆசியக் கடை வைத்திருந்த ஜேசுரட்ணம் வெண்டிக்காய் கொடுக்க வந்தவர், திரும்பும்போது உருத்திரமூர்த்தியைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஜேசுரட்ணம் கத்தோலிக்கர், என்றாலும் மெத்தைக் கடைப் பிள்ளையாருக்கு மாதாமாதம் ஒரு பெட்டி தேங்காய் கொடுப்பவர்.

“என்ன அண்ணை, முகம் சந்தையிலை விலைபோகாத மீன் மாதிரிக் கிடக்கு?”

“வேலை போகப்போகுது, ஜேசு.”

“லொறிச் சாமான் வேலையோ?” ஜேசுரட்ணம் சிரிக்காமல் கேட்டார்.

“ஓம்.”

“உங்கடை லொறி சுடுமாம் எண்டு பதினைஞ்சு வருசமாய் இஞ்சை கதை. இப்ப சுடாதாம் எண்டும் கதை.”

உருத்திரமூர்த்தி வெளியே பனியைப் பார்த்தார். “எல்லாருக்கும் தெரியுமோ?”

“தெரியும். உங்கடை மனிசிதான் சொன்னவ, வந்த வருசமே. அந்த மனுசன் வெக்கப்படுது, ஒருத்தரும் கேட்டுப்போடாதேங்கோ எண்டு. நாங்களும் கேக்கேல்லை. உங்களைக் காணேக்கையெல்லாம் லொறியைப் பற்றிக் கேக்கிறதுக்காக நான் லொறிப் புத்தகமெல்லாம் வாசிச்சனான், தெரியுமோ.”

மீதித் தூரத்தில் எதிரே வந்த லொறிகளை உருத்திரமூர்த்தி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். பதினைந்து வருடமாக ஓர் ஊரே தனக்காக ஒரு பொய்யைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுமந்திருக்கிறது. தான்தான் சுமக்கிறேன் என்று நினைத்துக் கூன் விழுந்தது அவருக்கு மட்டும்.

கோயிலில் கூட்டம் இல்லை. சோமாஸ்கந்தக் குருக்கள் மின்சார அடுப்பில் கை காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“ஐயா, செய்த பூசையைத் திருப்பி எடுக்க ஏலுமோ?”

“ஏன் தம்பி?”

“அது லொறிச் சாமான் இல்லை.”

“தெரியும். லொறியிலை உப்பிடி ஒரு வளையம் எங்கை இருக்கு? நானும் லைசென்ஸ் எடுத்தனான். மூண்டு தரம் பெயில் விட்டு எடுத்தனான், ஒவ்வொரு சாமானும் பாடம்.”

“அப்ப ஏன் ஐயா வாகனத்துக்குச் சொல்லுறதைச் சொன்னனீங்கள்?”

“நீர் வாகனம் எண்டு சொன்னீர். அதுக்கு எனக்குத் தெரிஞ்ச வேண்டுதல் அது ஒண்டுதான். சுடுற துவக்குக்கு எனக்கு ஒண்டும் பாடமில்லை.” குருக்கள் எழுந்து மடியை இறுக்கினார். “திருப்பி எடுக்கிறது பெரிய வேலையில்லை. முன்னுக்கு வந்து நில்லும். இதாலை உயிர்கள் சாகட்டும் எண்டு உம்மடை வாயாலை ஒருக்காச் சொல்லும். நான் கற்பூரம் காட்டுறன்.”

உருத்திரமூர்த்தி போய் நின்றார். கமலநாயகியின் மடியில் இருந்த அகராதியை நினைத்தார். மண்டபத்துப் பத்துப் பேரையும் நினைத்தார். ஒருவருக்குப் போன மாதந்தான் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. கிரேவன்கம்பின் காலுறைகளை நினைத்தார். சொல்லத்தான் வேண்டும், ஒரு வரி. வாயைத் திறந்தார். கோண்டாவில் சந்தியில் காற்றுப் போன சைக்கிள் சில்லின் ஊஸ் என்ற சத்தம் காதில் கேட்டது. திறந்த வாயிலிருந்து வந்தது ஒரு கொட்டாவி. இன்னொரு முறை முயன்றார். இன்னொரு கொட்டாவி. பிள்ளையார் முன்னால் நின்று கொட்டாவி விட்டதற்காக இரண்டு கையாலும் குட்டிக்கொண்டார்.

“ஏலாது ஐயா.”

“எனக்கும் ஏலாது,” என்றார் குருக்கள். “பின்னாலை சக்கரைப் பொங்கல் கிடக்கு. ஜேசுவையும் கூப்பிடும். சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

திங்கட்கிழமை உருத்திரமூர்த்தி பழைய வேட்டைச் சப்பாத்துகளைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார். திருப்பிக் கொடுத்துவிட்டு விடைபெறுவது முறை என்று நினைத்தார். தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், வினைச்சொற்களை இருக்க வேண்டிய இடத்தில் வைக்க மறந்து, எல்லாவற்றையும் சொன்னார்: காகம், எள்ளெண்ணெய், எலுமிச்சம்பழம், குருக்கள், கொட்டாவி. கிரேவன்கம்ப் தலையில் கௌபோய்த் தொப்பியோடு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நானும் ஒரு துப்பாக்கியைக் கொண்டுபோனேன்,” என்றார் கடைசியில். “எங்கள் பாதிரியாரிடம், சித்திரை மாதம். விற்பனை பெருக வேண்டும் என்று வேண்டச் சொன்னேன். அவர் வேண்டினார். ஒன்றும் நடக்கவில்லை. உங்களுடைய ஆள் கேட்கத் தெரிந்து கேட்டிருக்கிறார், ஹெர் மூர்த்தி.” சப்பாத்துப் பொதியை மேசைக்கு மேலாகத் திரும்பத் தள்ளினார். “இதை வைத்திருங்கள். உயிர்த்த ஞாயிறு வரை மண்டபம் திறந்திருக்கும் என்று சொன்னேன். சொன்னால் சொன்னதுதான்.”

தை மாதம் ஒரு நாள் ஹாகெடோர்ன் தொழிற்சாலைக்கு வந்தார். முன்வாசலால் வரவில்லை, மரக்கட்டை ஏற்றும் பின்வாசலால் வந்தார். தான் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதைக் கையில் வாங்கி, வளையத்தைத் தள்ளி இழுத்து, அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். தகப்பனார் பதினாறு வயதில் தன்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனதாகவும், விடியற்காலையில் பரணில் ஏறியிருப்பதும், சுடுதண்ணீர்ப் போத்தலில் கோப்பி குடிப்பதும், பனி விலகுவதைப் பார்ப்பதும் தனக்கு மிகவும் பிடித்தவை என்றும், கடைசிப் பகுதி மட்டும் ஒருநாளும் பிடித்ததில்லை என்றும், ஆனால் எதையும் சுடாமல் இறங்கி வந்தால் நண்பர்கள் முகத்தில் விழிக்க முடியாது என்றும் சொன்னார். இந்தத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு வந்தால் சுட்டேன் என்று சொல்லலாம், பொய்யும் இல்லை.

அடுத்த கிழமை நோட்டரி பின்வாசலால் வந்தார். அதற்கடுத்த கிழமை இறைச்சிக் கடைக்காரர் வந்தார். அவர் வந்ததுதான் எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது. மாசி முடிவதற்குள் பின்வாசலில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்காததுபோல வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். அந்த மலைநாட்டு வேடர்களில் அரைவாசிப் பேர் முப்பது நாற்பது வருடமாகப் பிடிக்காத வேலையை ஒருவருக்கொருவர் பயந்து செய்துகொண்டிருந்தது அப்போது வெளியே வந்தது. வேடர்களின் மனைவிமார் பிறந்தநாள் பரிசாக வாங்கினார்கள். தெற்கே மூனிச் பக்கமிருந்து கௌபோய் வேடம் கட்டும் கழகங்கள் மொத்தமாக வாங்கின. உயிர்த்த ஞாயிறன்று மண்டபம் பூட்டியிருந்தது, ஏனென்றால் அது விடுமுறை. செவ்வாய்க்கிழமை திறந்தது, இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். விளம்பரத்தில் குண்டு சுற்றுவதைப் பற்றி ஒரு சொல்லும் போடவில்லை. ‘சத்தம் இனிது, பிடி மென்மை’ என்று மட்டும் போட்டார்கள்.

அதன் பிறகு வருடங்கள் ஒழுங்காகப் போயின. கமலநாயகி 2006இல் அவுஸ்பில்டுங்கை முடித்துச் சான்றிதழ் வாங்கினாள். முதியோர் இல்லத்தில் கணவருக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்குத் துப்பாக்கி செய்கிறார் என்று நேராகச் சொன்னாள். வீட்டில் மட்டும் பழக்கதோஷத்தால் இடைக்கிடை லொறி என்றாள். காட்டுப்பன்றிகள் வளையத்தின் சத்தத்துக்குப் பழகி, அது கேட்டால் வந்து நின்று, சுற்றி முடித்த பிறகு போகக் கற்றுக்கொண்டன. பயிரைத் தின்னும் பன்றிகளுக்காகப் பழைய மாதிரித் துப்பாக்கியும் தொழிற்சாலையின் முன்பக்கத்தில் தொடர்ந்து செய்யப்பட்டது. உலகம் ஒரேயடியாகத் திருந்திவிட்டது என்று யாரும் எழுத முடியாது. இலையுதிர்காலத்தில் காளான் பொறுக்கப் போனவர்கள் காளானோடு குண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். 2007இல் காளான் விலை நன்றாக இருந்தது.

2008ஆம் ஆண்டு ஆடி மாதம், ஊர்த் துப்பாக்கிக் கழகத்தின் திருவிழா. கம்பத்தின் உச்சியில் வைத்த மரப்பறவையை ஒவ்வொருவராகச் சுடுவார்கள். கடைசித் துண்டை விழுத்துகிறவர் அந்த வருடத்து ராசா. அவ்வருடம் ஹாகெடோர்ன் ராசா. தோளில் வெள்ளிச் சங்கிலியும் கையில் பியருமாக, கூடாரத்து வாசலில் நின்று, வளையம் எவ்வளவு மென்மையாகப் போய் வருகிறது என்பதைப் பக்கத்து ஊர்க்காரருக்குக் காட்டினார். உள்ளே ஒரு தோட்டா மிச்சமிருந்ததை மறந்துவிட்டார். அது வெடித்தது.

கூடாரத்தின் நடுவில் கமலநாயகி உருளைக்கிழங்கு அடையோடும் உருத்திரமூர்த்தி இரண்டு கடதாசித் தட்டுகளோடும் நின்றார்கள். குண்டு நேரே அவர்களிடம் வந்தது. இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் கோண்டாவிலில் கேட்ட அதே சீழ்க்கையை உருத்திரமூர்த்தியின் காது அடையாளம் கண்டது. கால் ஓடத் தயாரானது. ஆனால் கமலநாயகி தட்டைப் பிடித்திருந்த அவருடைய கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். கல்யாண நாளுக்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவ்வளவு நெருக்கமாக அவர்கள் நின்றதில்லை. குண்டு வேகத்தைக் குறைத்து, இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்து, வலமாக மூன்று முறை சுற்றி வந்து, உருத்திரமூர்த்தியின் வேட்டைச் சப்பாத்தில் பட்டு விழுந்தது. வாத்தியக் குழு வாசிப்பை நிறுத்தவில்லை.

உருத்திரமூர்த்தி குனிந்து அதை எடுத்தார். இளஞ்சூடாக இருந்தது, கோயிலில் கையில் தரும் பூவைப்போல அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போடப் போனார்.

“பையிலை போடாதேங்கோ, வெள்ளைச் சட்டை, கறை பிடிக்கும்,” என்றாள் கமலநாயகி.

ஹாகெடோர்ன் சங்கிலி குலுங்க ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு ஒரு பியர்ச் சீட்டுக் கொடுத்தார். அன்று சனிக்கிழமை, இருவருக்கும் மரக்கறி விரதம், மது ஆகாது. கமலநாயகி சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து இரண்டு எலுமிச்சைச் சோடா வாங்கி வந்தாள். அடை ஆறியிருந்தது. மற்றபடி திருவிழா நன்றாக நடந்தது.